வார்ஃபரின் உட்கொள்பவருக்கு ஆன்டிபயாடிக் தேவைப்பட்டபோது

இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்காக என் தந்தை பல ஆண்டுகளாக, இரத்தம் எளிதில் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உட்கொண்டு வருகிறார். இரத்தம் உறைவதற்கு ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு விதிக்கப்பட்ட வரம்பு. அந்த அளவு சீராக இருந்துவந்த காலத்தில் கடைவாய்ப் பல்லின் ஈறில் சீழ் கட்டியது. வார்ஃபரினைக் காரணம் காட்டிப் பல்லைப் பிடுங்குவதைத் தள்ளிவைத்த பல் மருத்துவர், அதே கையோடு அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளை எழுதிக் கொடுத்தார். இரத்தக் கசிவு என்றதும் கத்தியை நினைக்கிற நாம் மாத்திரையை நினைப்பதில்லை.

மருந்துக் கடையில் சீட்டோடு சேர்த்து, தந்தையின் அன்றாட மருந்துப் பட்டியலையும் நீட்டினேன். மருந்தாளுநர் மெட்ரோனிடசோலைச் சுட்டிக்காட்டி நிறுத்தினார். வார்ஃபரினைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியை அது தடுப்பதால், வழக்கமான அளவையே விழுங்கினாலும் உடலில் மருந்து தேங்கி, சில நாட்களில் ஐ.என்.ஆர். அபாயகரமாக ஏறக்கூடும் என்று விளக்கினார். அமாக்சிசிலினும் சிலருக்கு அதை ஏற்றும் என்றாலும், பெரிய கவலை மெட்ரோனிடசோல்தான் என்றார்.

பல் மருத்துவரிடம் கேட்டபோது, தொற்று பரவுவதால் அந்த மருந்தைத் தவிர்க்க இயலாது என்றார். எனவே வார்ஃபரினைக் கண்காணிக்கும் இதய மருத்துவரிடம் சென்றோம். அவர் வார்ஃபரின் அளவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்து, ஆன்டிபயாடிக் தொடங்கிய 3 முதல் 5 நாட்களுக்குள் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். எந்த மாத்திரையையும் நாமாகவே நிறுத்தக் கூடாது என்பதை அழுத்தமாகக் கூறினார். வார்ஃபரினைக் கைவிட்டால் இரத்தக் கட்டியும் பக்கவாதமும், ஆன்டிபயாடிக்கை விட்டால் தொற்றும் காத்திருக்கின்றன. பல்வலிக்கு இபுப்ரோஃபென் வேண்டாம், அளவோடு பாராசிட்டமால் போதும் என்பதும் அவர் சொன்னதே.

மது பற்றிய கேள்விதான் தந்தைக்குச் சங்கடமாக இருந்தது. எப்போதாவது அருந்துவதை அவர் என் முன்னால் ஒப்புக்கொண்டது அன்றுதான். மெட்ரோனிடசோலுடன் மது சேர்ந்தால் முகம் சிவத்தல், குமட்டல், வாந்தி, படபடப்பு ஆகியவை நேரலாம் என்பது நெடுநாளைய எச்சரிக்கை. அதற்கான சான்றுகள் எவ்வளவு வலுவானவை என்ற விவாதம் மருத்துவ உலகில் இருந்தாலும், மருந்து உறையின் எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. வார்ஃபரின் உட்கொள்பவர் அதைச் சோதித்துப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை. மருந்து முடிந்த பிறகும் 3 நாட்கள் மது கூடாது என்ற மருத்துவர், ஆல்கஹால் கலந்த வாய்க்கொப்பளிப்பானையும் இருமல் மருந்தையும் விலக்கச் சொன்னார்.

பரிசோதனையில் ஐ.என்.ஆர். வரம்பைச் சற்றே தாண்டியிருந்தது. அன்றைய வார்ஃபரினை மட்டும் நிறுத்தச் சொன்னார்கள். ஈறில் கசிவு, சிறுநீரில் சிவப்பு, கருநிற மலம், காரணமில்லாத கன்றிப்போதல் ஆகியவற்றைத் தினமும் பார்த்துவந்தோம்; எதுவும் தென்படவில்லை. வாயில் உலோகச் சுவை அடிப்பதாகத் தந்தை புலம்பியது மெட்ரோனிடசோலின் வழக்கமான விளைவுதான்.

ஆன்டிபயாடிக் முடிந்ததும் வேலை முடியவில்லை. தடை நீங்கிய நொதி மீண்டும் இயங்கத் தொடங்குவதால், குறைத்த அளவிலேயே வார்ஃபரினைத் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். வரம்புக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே மருத்துவர் பழைய அளவுக்குத் திரும்பச் சொல்லி, ஒரு வாரத்தில் மறுபடியும் இரத்தம் கொடுக்க வைத்தார். அதில் அளவு வரம்புக்குள் வந்திருந்ததைப் பார்த்த பிறகே பல்லைப் பிடுங்க நாள் குறித்தார்கள்.