ஹப்ரே வழக்கைப் பாக்கப் போய் நான் பட்ட பாடு

பெரிய வழக்கொண்டின்ர முதல் நாளைப் பாக்கவெண்டு ஒருத்தரும் டிக்கெட் போடாதேங்கோ. முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டா 2015 ஜூலையில செனகலின்ர தலைநகர் டக்காருக்குப் போட்டு வந்த காசு எனக்கு இண்டைக்கும் வயித்தெரிச்சல்தான்.

நான் பாரிசில எங்கட சனத்தின்ர அகதி வழக்குக் கோவையளை பிரெஞ்சில மொழிபெயர்க்கிற ஆள். அதால இந்த வழக்கில எனக்கு ஒரு தனி ஆசை. சாட் நாட்டை 1982இல இருந்து 1990 வரை ஆண்ட ஹிசேன் ஹப்ரே, ஆட்சி கவிண்டோடன செனகலுக்கு ஓடி வந்து டக்காரில 22 வருசத்துக்கு மேல வீடு வாசலோட நல்லா இருந்தவர், அந்த ஆளை அதே ஊரில பிடிச்சு, அடி வாங்கின சனத்துக்கு முன்னால கொண்டுவந்து இருத்தப்போகினம் எண்டா ஒருக்கா நேரில பாக்கத்தானே வேணும். அவற்ர காலத்தில 40,000 பேர் மட்டில செத்திருப்பினம் எண்டு சாட்டின்ர விசாரணை ஆணைக்குழுவே கணக்குச் சொன்னது.

கரைச்சல் ஏர்போர்ட்டிலயே துவங்கிட்டுது. என்னட்ட அப்ப பாஸ்போர்ட் இல்ல, அகதியளுக்குக் குடுக்கிற ட்ரவல் டொக்கியுமென்ட்தான். செக்-இன்னில நிண்ட பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு மேல ஒராளைக் கூப்பிட, அவர் இன்னொராளுக்கு போன் எடுக்க, விசா உள்ளுக்க ஒட்டிக் கிடக்கு எண்டு நான் காட்டக் காட்ட, இது எந்த நாட்டுப் புத்தகம் எண்டு திரும்பவும் முதல்ல இருந்து கேள்வி. கடைசி ஆளா ஓடிப்போய் ஏறினன். அந்தப் புத்தகம் வச்சிருக்கிறவை நேரத்தோட போங்கோ, விசா வந்த மெயிலையும் பிரிண்ட் எடுத்துக் கையில வச்சிருங்கோ. போனில காட்டினா ஒருத்தரும் கணக்கெடுக்காயினம்.

ஜூலை 20. வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமா ஹப்ரேயைக் கொண்டுவந்தோடன அவர் கத்த, அவற்ர ஆக்கள் கத்த, தள்ளுமுள்ளாகி, காவலுக்கு நிண்டவை அவரைத் தூக்காத குறையா வெளியில கொண்டு போட்டினம். அடுத்த நாள் அவற்ர வக்கீல்மார் வரவே இல்ல. நீதிபதியள் என்ன செய்யிறது, நீதிமன்றமே மூண்டு வக்கீலைப் போட்டு, அவை கோவையைப் படிக்கவேணும் எண்டு 45 நாள் தள்ளி செப்டெம்பர் 7க்கு வச்சிட்டினம். சட்டப்படி அதுதான் சரி, வக்கீல் இல்லாமல் நடத்தியிருந்தா நாளைக்கு அப்பீலில முழுக் கேசும் விழுந்திருக்கும். ஆனா எனக்கு டிக்கெட் வித்த ஏஜென்சிக்காரனுக்கு இதெல்லாம் விளங்குமோ? திகதி மாத்தேலாது, காசும் திருப்பேலாது, இது ப்ரோமோ டிக்கெட் அண்ணை எண்டிட்டான்.

நீதிமன்ற நடைவழியில சாட்டில இருந்து வந்த கிழவன் கிழவியள் சத்தமில்லாமல் எழும்பிப் போனதைப் பாத்தா நான் புலம்புறதே வெக்கம். அவை டக்காரில முறைப்பாடு குடுத்தது 2000 ஜனவரியில. அடுத்த மாசமே ஒரு நீதிபதி குற்றம் பதிஞ்சார், ஜூலையில அது தள்ளுபடி, 2001இல செனகலின்ர உச்ச நீதிமன்றம் எங்களுக்கு அதிகாரமே இல்ல எண்டு கையை விரிச்சிட்டுது. அதுக்கிடையில பெல்ஜியத்திலயும் முறைப்பாடு குடுத்து, 2005இல அங்க பிடியாணை எடுத்தா, செனகல் ஆளைக் குடுக்கமாட்டுதாம். 2006இல ஆபிரிக்க ஒன்றியம் நீங்களே விசாரியுங்கோ எண்டுது, அதுக்கும் இழுத்தடிப்பு. கடைசியா பெல்ஜியம் போட்ட வழக்கில ஹேக்கில சர்வதேச நீதிமன்றம் 2012 ஜூலை 20 அண்டு, ஒண்டில் விசாரி, இல்லாட்டி ஆளைக் குடு எண்டு சொன்ன பிறகுதான், செனகலும் ஆபிரிக்க ஒன்றியமும் சேந்து அமைச்ச இந்த விசேட நீதிமன்றமே வந்தது. சரியா மூண்டு வருசம் கழிச்சு அதே திகதியிலதான் நான் போய் ஏமாந்தது.

இலையுதிர் காலத்தில திரும்பப் போனன், எல்லாம் சுகமா முடிஞ்சுது. போறதெண்டா சாட்சி நடக்கிற கிழமையளுக்குத்தான் போகோணும். ஹப்ரே முகத்தையும் மூடிக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோட அசையாமல் இருப்பார், ஒரு வார்த்தை கதைக்கமாட்டார். சாட்சி அரபில சொல்ல, ஹெட்போனில பிரெஞ்சு பிந்தி வரும். ஒரு ஆள் மழை துவங்கின நேரம் பிடிச்சவங்கள் எண்டார், உடன எந்த மாசம் எண்டு கேள்வி. எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. எங்கட சனத்தின்ர அகதி விசாரணைப் பேட்டியளிலயும் இந்தக் கேள்வியிலதானே கனபேர் விழுறவை.

ஆனா இந்த வழக்கு ஞாபகத்தை மட்டும் நம்பி நிக்கேல்ல. சுலைமான் கெங்கெங் எண்ட கணக்காளர் சிறையில சாகக் கிடந்து தப்பி வந்து, ஒவ்வொருத்தரா இருத்தி வச்சு 792 பேரின்ர வாக்குமூலத்தை எழுதி, வருசக்கணக்கா ஒளிச்சு வச்சவர். 2001இல ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் எண்ட மனித உரிமை அமைப்பின்ர வக்கீல் ரீட் பிரோடியும் ஆக்களும் சாட்டின்ர தலைநகர் என்ஜமேனாவில ஹப்ரேன்ர அரசியல் பொலிசின்ர பழைய கட்டடத்துக்குள்ள போனா, நிலமெல்லாம் அவங்கட பேப்பர். காவலில செத்த 1,208 பேரின்ர பேர் அதுக்குள்ள, மொத்தமா 12,321 பேரின்ர விவரம். சித்திரவதை செய்தவங்கள் ஒரு அரசாங்கக் கந்தோர் மாதிரியே ஒழுங்கா பைல் போட்டு வச்சிருக்கிறாங்கள்!

2016 மே 30 ஆயுள் தண்டனை, நான் வேலைக்கிடையில போனில பாத்தன். 2017 அப்பீலிலயும் தண்டனை நிண்டது, 2021இல அவர் டக்காரில கோவிட்டில போய்ச் சேந்திட்டார். நட்டஈடு 7,396 பேருக்கு 82 பில்லியன் சீஎப்ஏ பிராங்குக்கு (அந்தப் பக்க ஆபிரிக்க நாடுகளின்ர காசு) மேல எண்டு தீர்ப்பு, ஹப்ரேட்ட இருந்து சனத்தின்ர கைக்கு ஒண்டும் வரேல்ல. 2024இலதான் சாட் அரசாங்கம் ஏதோ குடுக்கத் துவங்கினது, ஒராளுக்கு 1,400 யூரோ மட்டில.

அப்பீல் தீர்ப்பில வேற மூவாயிரத்துக்கு மேற்பட்டவையின்ர பேர் அந்த 7,396 பேரின்ர பட்டியலில சேரேல்ல, ஆள் ஆரெண்டு காட்டிற அத்தாட்சி போதாதெண்டு, நட்டஈட்டுக்கெண்டு வச்ச நிதியத்திட்ட புதுசா விண்ணப்பிக்கச் சொல்லிச்சினம். அதால இப்ப வாக்குமூலம் சேர்க்கிற எங்கட பெடியளுக்கு ஒண்டு: ஒவ்வொரு வாக்குமூலத்தோடயும் அந்த ஆளின்ர அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, ரெண்டின்ர கொப்பியையும் அண்டைக்கே குத்தி வையுங்கோ, ஆள் செத்தா ஆர் வாரிசு எண்டதையும் எழுதி கையெழுத்து வாங்குங்கோ.