இணைப்பின் முகவரியை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது

"இந்த மின்னஞ்சல் உண்மையா, போலியா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று எனக்கு அனுப்பி வைப்பவர்களில் பெரும்பாலோர், எழுத்துப்பிழையையும் கோணலான சின்னத்தையும் தேடிப் பார்த்துவிட்டு, எதுவும் அகப்படாமல் குழம்பிப் போனவர்கள். பிழையில்லாத ஆங்கிலத்திலும் தமிழிலும் மோசடிக் கடிதம் எழுதுவது இன்று யாருக்கும் கடினமான வேலையில்லை; நிறுவனத்தின் சின்னத்தை அதன் தளத்திலிருந்தே எடுத்து ஒட்டிவிடலாம். அனுப்புநர் என்று கண்ணுக்குத் தெரியும் பெயரை யாரும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே கடிதத்தின் தோற்றத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டு, அதிலுள்ள இணைப்பின் முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். இதற்கு 2016-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வைவிடத் தெளிவான பாடம் வேறில்லை என்பது என் கருத்து.

அந்த ஆண்டு மார்ச் 19 அன்று, ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரக் குழுத் தலைவரான ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயில் கணக்குக்கு ஒரு கடிதம் வந்தது. யாரோ உங்கள் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி உள்ளே நுழைய முயன்றார்கள், நாங்கள் தடுத்துவிட்டோம், உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்பதே அதன் சாரம். நாள், நேரம், ஐபி முகவரி, உக்ரைன் என்ற இடப்பெயர் என்று எல்லா விவரமும் அதில் இருந்தன. கீழே கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்பு இருந்தது. கூகுள் நிறுவனம் இத்தகைய எச்சரிக்கைகளை உண்மையாகவே அனுப்புவதுண்டு என்பதால் சந்தேகம் எழ அதிக இடமில்லை. அப்படியிருந்தும் பொடெஸ்டாவின் உதவியாளர்கள் அசட்டையாக இருந்துவிடவில்லை. பிரசாரக் குழுவின் கணினி உதவிப் பிரிவிடம் அதைக் காட்டிக் கேட்டார்கள். இது முறையான கடிதம்தான், அவர் உடனே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. முறையற்றது என்று எழுத நினைத்ததே அப்படித் தவறாகப் பதிவாகிவிட்டது என்று அதை எழுதியவர் பின்னர் விளக்கினார்.

அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அதே பதிலில், கூகுளின் சரியான பாதுகாப்புப் பக்கத்தின் முகவரியையும் அவர் எழுதி, இங்கே போய் மாற்றச் சொல்லுங்கள் என்று தெளிவாகக் குறிப்பிட்டிருந்தார். அந்த முகவரி வழியாகப் போயிருந்தால், கடிதம் போலியாகவே இருந்தாலும் ஒரு தீங்கும் நேர்ந்திருக்காது. ஆனால் சொடுக்கப்பட்டதோ மூலக் கடிதத்தில் இருந்த இணைப்பு. பொடெஸ்டாவின் அஞ்சல் பெட்டியிலிருந்து 50,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் களவு போயின. அவற்றை அக்டோபர் 7 முதல் விக்கிலீக்ஸ் வெளியிடத் தொடங்கியது. ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவின் 12 அதிகாரிகள் மீது 2018 ஜூலையில் அமெரிக்காவில் பதிவான குற்றப்பத்திரிகையில் இந்தத் திருட்டும் இடம்பெற்றிருக்கிறது.

இப்போது அந்த இணைப்பை நெருங்கிப் பார்ப்போம். மேலே தெரிந்தது பிட்லி சேவையால் சுருக்கப்பட்ட முகவரி. அது விரிந்தபோது கிடைத்தது இப்படி இருந்தது: மைஅக்கவுன்ட்.கூகுள்.காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே. இடமிருந்து வலமாகப் படிக்கும் கண், கூகுள் புள்ளி காம் என்ற இடத்துக்கு வந்ததும் நிம்மதி அடைந்து அதோடு நின்றுவிடுகிறது. 'காம்' என்பதை அடுத்து வருவது புள்ளியும் அல்ல, சாய்கோடும் அல்ல, ஓர் இடைக்கோடு. அந்த இடைக்கோட்டால் 'காம்' என்பது தன் மதிப்பை இழந்து, அடுத்துள்ள நீண்ட பெயரின் முதல் பகுதியாக மாறிவிடுகிறது. மோசடிக்காரர்கள் பதிவு செய்திருந்தது 'காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்' என்ற பெயரை. அதைப் பதிவு செய்த இடம் டிகே, அதாவது பசிபிக் பெருங்கடலிலுள்ள டோக்கெலாவ் தீவுகளுக்கு உரிய பின்னொட்டு. அந்தப் பின்னொட்டில் அக்காலத்தில் காசு கொடுக்காமலே பெயர் வாங்க முடிந்தது. ஒரு பெயர் சொந்தமாகிவிட்டால் அதற்கு முன்னால் மைஅக்கவுன்ட், கூகுள் என்று எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆகவே முகவரியை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டியபின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு அப்பால் உள்ளவற்றை மறந்துவிடுங்கள். அந்தச் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும், புள்ளியால் பிரிந்த கடைசி இரண்டு துண்டுகளே அந்தத் தளத்தின் உரிமையாளரைக் காட்டும். 'கோ.இன்', 'கவ்.இன்' போன்று பின்னொட்டே இரண்டு துண்டாக இருக்கும்போது மூன்று துண்டுகளைப் பார்க்க வேண்டும். தபால் உறையின் மேல் 'சென்னைத் தெரு, விழுப்புரம்' என்று எழுதியிருந்தால் கடிதம் விழுப்புரத்துக்குத்தானே போகும்? இன்னொரு தந்திரமும் உண்டு. முகவரியின் நடுவில் மின்னஞ்சலில் வரும் 'அட்' குறி இருந்தால், அதற்கு முன்னால் உள்ள பெயரை உலாவி தளத்தின் பெயராகவே எடுத்துக்கொள்ளாது. குறிக்குப் பின்னால் உள்ள இடத்துக்கே போகும். கைப்பேசியில் இணைப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் முழு முகவரியும் பெரும்பாலும் தெரியும். அப்போதும் பாதிதான் தெரிகிறது என்றால், அதைத் திறக்காமல் விடுவதே சரி.

முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்தை நம்பும் வழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. உங்களுக்கும் தளத்துக்கும் இடையிலான பேச்சு மற்றவர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மோசடித் தளங்களும் அந்தப் பூட்டுக்கான சான்றிதழை இலவசமாகவே பெற்றுக்கொள்கின்றன. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே குரோம் உலாவி 2023-இல் முகவரிப் பட்டையிலிருந்து அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. 'கவ்.இன்' என்று முடியும் பெயரைத் தனியார் எவரும் வாங்க முடியாது. வருமான வரி ரீஃபண்ட் வந்திருக்கிறது என்று சொல்லும் கடிதத்தின் இணைப்பு வேறு எதிலாவது முடிந்தால் அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.இன்' என்ற தனிப் பின்னொட்டுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் உத்தரவிட்டது. இதை நான் மிகவும் வரவேற்கிறேன். ஒவ்வொரு வங்கியின் முகவரியையும் மனப்பாடம் செய்யும் சுமை இல்லாமல், வயதான பெற்றோருக்கும் சொல்லித்தரக்கூடிய ஒரே அடையாளமாக அது இருக்கிறது. ஆனால் அங்கேயும் வலப்பக்கத்திலிருந்து படிக்கும் விதி மாறாது, 'பேங்க்.இன்' என்பது முகவரியின் நடுவில் வந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

இவ்வளவு சொன்னபிறகும், கண்ணை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். களைத்துப்போன ஒரு மாலை நேரத்தில் எவரும் இடைக்கோட்டைத் தவறவிடலாம். வேறு மொழிகளின் எழுத்துகளில் சில, ஆங்கில எழுத்துகளைப் போலவே தோன்றும். சிரிலிக் எழுத்துகளால் ஆன ஒரு பெயரை உலாவிகள் ஆப்பிள் நிறுவனத்தின் பெயராகவே காட்டுவதை 2017-இல் ஓர் ஆய்வாளர் செய்து காட்டினார். எனவே கடிதம் உண்மையோ பொய்யோ, கடவுச்சொல் கேட்கும் எந்தப் பக்கத்துக்கும் கடிதத்தின் வழியாகப் போகாமல், நீங்களே சேமித்து வைத்திருக்கும் முகவரி வழியாகவோ அந்நிறுவனத்தின் செயலி வழியாகவோ போவதே பாதுகாப்பு. எச்சரிக்கை உண்மையானால் உள்ளே போனதும் அது அங்கேயும் தெரியும்.

கடவுச்சொல்லைப் பற்றிப் பேசும்போது பலரும் அதன் சிக்கலைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை குறியீடுகள், எத்தனை எண்கள் என்று. அதைவிடப் பெரிய ஆபத்து ஒரே சொல்லைப் பல இடங்களில் வைப்பது. 2012-இல் லிங்க்டின் தளத்திலிருந்து கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அப்போது 65 லட்சம் என்று வெளியே தெரிந்தது, 2016-இல் 11 கோடியே 70 லட்சம் பேரின் விவரமாக விற்பனைக்கு வந்தது. அதே 2012-இல் டிராப்பாக்ஸ் நிறுவனம், பிற தளங்களில் திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு தன் பயனர்கள் சிலரின் கணக்குகளில் நுழைந்திருக்கிறார்கள் என்று அறிவித்தது. அங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை, வேறு வீட்டுச் சாவி இங்கேயும் பொருந்தியது, அவ்வளவுதான்.

இதற்கு மனித நினைவாற்றலால் தீர்வு காண முடியாது. கடவுச்சொல் மேலாளர் செயலி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் நீளமான, யாராலும் ஊகிக்க முடியாத ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதா என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தச் செயலி தளத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகே கடவுச்சொல்லை நிரப்பும். பொடெஸ்டாவுக்கு வந்ததைப் போன்ற பக்கத்தைக் கண்டால் அது பேசாமல் இருந்துவிடும். வழக்கமாகத் தானே நிரம்பும் கட்டம் ஒருநாள் காலியாக நின்றால், கையால் தட்டச்சு செய்யத் தொடங்காதீர்கள், முகவரியைப் பாருங்கள். அந்தச் செயலியைத் திறக்க நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே தொடருக்கு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்வது நல்ல வழி. திருக்குறளோ பாட்டு வரியோ வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த வரி ரகசியம் ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் கட்டாயத்தை, அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே வேண்டாமென்று சொல்லிவிட்டது. கசிந்ததற்கான அறிகுறி இருந்தால் மாற்றினால் போதும்.

ஓடிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2022 ஜூலையில், இணையப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவன ஊழியர்கள் குறைந்தது 76 பேரின் கைப்பேசிகளுக்கு ஒரு நிமிடத்துக்குள் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. அதில் இருந்த முகவரி 'கிளவுட்ஃப்ளேர்-ஆக்டா.காம்', அங்கேயும் ஓர் இடைக்கோடு. செய்தி வருவதற்கு 40 நிமிடங்களுக்கும் குறைவான நேரத்துக்கு முன்புதான் அந்தப் பெயர் பதிவாகியிருந்தது. மூன்று பேர் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். ஓடிபி கேட்டு வாங்கி அந்தக் கணமே உண்மையான தளத்தில் போட்டு நுழையும் ஏற்பாடும் அந்தப் போலிப் பக்கத்தில் இருந்தது. ஆனால் அந்நிறுவனம் எல்லா ஊழியருக்கும் வன்பொருள் சாவி, அதாவது உள்நுழைவை உறுதிசெய்யும் சிறு கருவி, கொடுத்திருந்தது. சரியான தளத்தின் பெயரைத் தவிர வேறெதற்கும் அந்தச் சாவி பதில் சொல்லாது என்பதால் மூவரின் கணக்கும் தப்பியது. நம் கைப்பேசிகளில் இப்போது கிடைக்கும், கடவுச்சொல்லுக்கு மாற்றான பாஸ்கீ என்ற வசதியும் இதே முறையில் இயங்குவதுதான். மின்னஞ்சல் கணக்குக்காவது அதை இன்றே அமைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றும் வழி அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

ஏற்கெனவே சொடுக்கி, கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அந்த வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம். சரியான முகவரி வழியாகப் போய்க் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள். அதன்பின் பலரும் மறந்துவிடும் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் மின்னஞ்சல் அமைப்புகளில், வரும் கடிதங்களை வேறொரு முகவரிக்குத் தானாக அனுப்பும் ஏற்பாடு சேர்க்கப்பட்டிருக்கிறதா, மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையவைதானா என்று சரிபாருங்கள். பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள், அடுத்த அழைப்பு சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு. நீங்கள் வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியையே சாரும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொல்லியிருக்கிறது. ஆகவே சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.