சூவர்: எழுத்துக்கூட்டு ஒன்று, வேர் மூன்று

எஸ், இ, டபிள்யூ, இ, ஆர். இந்த ஒரே எழுத்துக்கூட்டில் ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன.

கழிவுநீர்க் குழாயைக் குறிப்பதைச் 'சூவர்' என்று உச்சரிக்க வேண்டும். பழைய பிரெஞ்சில் அது மீன்குளத்தின் உபரிநீரை வெளியேற்றும் வாய்க்கால். அதற்கும் முன்னால் லத்தீன்: 'எக்ஸ்' வெளியே, 'அக்வா' நீர். மலக்கழிவு பின்னாளில் வந்து சேர்ந்த பொருள். இங்கிலாந்தில் 1531இல், எட்டாம் ஹென்றி காலத்தில் வந்த சூவர் சட்டம்கூட, தாழ்நிலங்களில் வெள்ளம் புகாமல் கரைகளையும் வடிகால்களையும் பராமரிப்பதற்கானது. அதைச் 'சாக்கடைச் சட்டம்' என்று பெயர்த்தால் பொருளே மாறிவிடும்.

தைப்பவர் என்றால் 'சோவர்'. தைத்தலைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. மூன்றாவது, இடைக்காலப் பிரபுக்களின் மாளிகையில் விருந்தினரை அமர்த்தி உணவு பரிமாறிய பணியாளர். 'அமரச் செய்' என்ற பிரெஞ்சு வினைதான் வேர். இன்று வழக்கில் இல்லை.

மொழிபெயர்ப்பில் உண்மையான சிக்கல் வேறு இடத்தில். 'சூவேஜ்' என்பது ஓடும் கழிவுநீர். 'சூவரேஜ்' என்பது குழாய், ஆள்நுழைகுழி, நீரேற்று நிலையம் எல்லாம் சேர்ந்த அமைப்பு. 'ஸ்டார்ம் சூவர்' மழைநீருக்கு மட்டும் உரியது. அதைப் 'பாதாளச் சாக்கடை' என்று எழுதினால், கழிப்பறை இணைப்பையும் அதில் கொடுக்கலாம் என்று வாசிப்பவர் நினைப்பார். தயவுசெய்து 'மழைநீர் வடிகால்' என்றே எழுதுங்கள். 'கம்பைண்டு சூவர்' கழிவுநீர், மழைநீர் இரண்டையும் ஒரே குழாயில் கொண்டுபோகும். கனமழையில் கொள்ளளவு மீறினால், கழிவு கலந்த நீர் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் வழியும்.