ஜெர்மனியில் ஓசை அடங்கிய ஒரு கூடாரத் தளம்

கிருஷ்ணகிரியில் 44, 48, 77 ஆகிய தேசிய நெடுஞ்சாலைகள் வந்து கூடுவதால், புறவழிச் சாலையை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டில் இரவு என்பது லாரிகளின் ஏர் ஹாரன் சற்றே குறைகிற நேரம் மட்டுமே. மாம்பழப் பருவம் தொடங்கிவிட்டால் கூழ்த் தொழிற்சாலைகளுக்குக் காய் ஏற்றிச் செல்லும் வண்டிகளும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஒன்பது வயது மகள் சிறு சத்தத்துக்கும் திடுக்கிட்டு விழிக்கும் இயல்புடையவள். அறுபத்தெட்டு வயதான அம்மாவுக்கு ஒருமுறை தூக்கம் கலைந்தால் மறுபடி வருவதில்லை. ஆகவே, ஸ்டுட்கார்ட்டில் பணிபுரியும் மைத்துனர் 2025 கோடை விடுமுறைக்கு எங்களை அழைத்தபோது, ஊர்களைச் சுற்றிப் பார்க்கும் ஆசையைவிட, ஒரு வாரமாவது ஓசை அடங்கிய இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கும் ஆசையே எனக்கு முதலில் எழுந்தது.

அந்த ஆசைக்கு ஒரு முன்கதை உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு சேர்வராயன் மலையில் ஒரு கூடார விடுதிக்குச் சென்றிருந்தோம். விளம்பரப் படத்தில் பனிமூட்டமும் காப்பித் தோட்டமும் மட்டுமே இருந்தன. நேரில், கூடாரங்களுக்கு நடுவே தீ மூட்டி, ஒலிபெருக்கியில் நள்ளிரவு தாண்டியும் பாட்டுப் போட்டார்கள். மகள் காதைப் பொத்திக்கொண்டு காருக்குள் உறங்கினாள். ஊரை விட்டு விலகி இருப்பதால் மட்டும் ஓர் இடம் அமைதியாகிவிடாது என்பதும், அங்கு என்ன அனுமதிக்கப்படுகிறது என்பதே இரவைத் தீர்மானிக்கிறது என்பதும் அன்று எனக்கு உறைத்தன.

ஜெர்மனியைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது முதலில் மனத்தைக் கவர்ந்ததும் இந்த விதிகள்தாம். அங்குள்ள பெரும்பாலான கூடாரத் தளங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 அல்லது 7 மணி வரை இரவு அமைதி நேரம். பல தளங்களில் பிற்பகல் 1 முதல் 3 வரை மதிய அமைதி நேரமும் உண்டு. அந்த நேரங்களில் நுழைவாயிலில் தடுப்புக் கட்டையை இறக்கிவிடுவதால் வாகனம் எதுவும் உள்ளே நகர முடியாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அநேகமாக மூடியிருக்கும். புல்வெட்டும் இயந்திரத்தைக்கூட அன்று யாரும் இயக்குவதில்லை. ஆகவே அரிசி, பால், காய்கறி எல்லாவற்றையும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும்.

தேடலில் என்னை அதிகம் ஏமாற்றியது "குடும்பத்துக்கு ஏற்றது" என்ற சொல். ஐரோப்பியத் தளங்களின் விளம்பரங்களில் அந்தச் சொல் பெரும்பாலும் நீச்சல் குளம், சறுக்கு மரம், மாலையில் பிள்ளைகளுக்கு ஆட்டம் பாட்டம் நடத்தும் ஊழியர்கள் ஆகியவற்றையே குறிக்கிறது. அவை வேண்டுவோருக்கு அவை நல்லவைதாம். ஆனால் குடும்பம் நிம்மதியாக உறங்கக்கூடிய இடம் எது என்பது வேறொரு கேள்வி. அதற்கான விடை நட்சத்திரக் குறியீட்டில் கிடைக்காது, ஏனெனில் நட்சத்திரம் பெரும்பாலும் வசதிகளைத்தான் எண்ணுகிறது. எனவே, விருந்தினர்கள் எழுதிய மதிப்புரைகளில் பாராட்டுகளைத் தள்ளிவிட்டுக் குறைகளை மட்டும் மொழிபெயர்த்துப் படித்தேன். "மாலையில் பொழுதுபோக்க எதுவுமே இல்லை" என்று ஒருவர் கோபமாக எழுதியிருந்த தளத்தை உடனே குறித்து வைத்துக்கொண்டேன்.

கேக்கின் பெயரால் நம் ஊர்க் குழந்தைகளும் அறிந்திருக்கும் பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதிதான் எங்கள் தேர்வு. அதற்குக் காரணம், அங்குள்ள பல ஊர்களில் இரவு தங்கும் விருந்தினருக்குக் கோனுஸ் என்ற அட்டை கிடைக்கிறது. தங்குவோரிடம் வாங்கும் சுற்றுலா வரியிலிருந்தே அதன் செலவு ஈடுகட்டப்படுகிறது, அதைக் காட்டி உள்ளூர் ரயில்களிலும் பேருந்துகளிலும் தனிக் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். வாடகைக் கார் தேவைப்படவில்லை. தளம் தேடியபோது முதலில் டிட்டிசே ஏரிக்கரையைப் பரிசீலித்தோம். அழகுதான், ஆனால் பகல் முழுவதும் சுற்றுலாக் கூட்டம். அடுத்து ஷ்லூக்சே. அது நம் கிருஷ்ணகிரி அணையைப் போல மனிதர் கட்டிய அணையால் விரிந்த நீர்த்தேக்கம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 930 மீட்டர் உயரத்தில் இருப்பது. செயற்கைக்கோள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கரையை ஒட்டியே ரயில் பாதை ஓடுவது தெரிந்தது. ஐந்து வயது மகன் ரயிலைக் கண்டு மகிழ்வான். அவன் அக்காவின் இரவுக்கு அது ஒத்துவராது. மேலும், தடுப்பில்லாத ஆழமான நீருக்கு அருகே ஐந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தப் பெற்றோரும் ஓய்வெடுக்க முடியாது.

அதன் பிறகு வரைபடத்தோடுதான் பல இரவுகள் கழிந்தன. தளத்துக்கும் தார்ச்சாலைக்கும் இடையே எவ்வளவு தூரம், இடையில் மேடு இருக்கிறதா, தேவாலய மணிக்கூண்டு எங்கே, மரம் அறுக்கும் பட்டறை அருகில் உள்ளதா என்றெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மலைப்பாதை வளைவுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு மிகவும் பிடித்தமானவை என்பதை மைத்துனர் சொல்லித்தான் அறிந்தேன். ஃபிரைபுர்க் நகரை ஒட்டிய ஷாவ்இன்ஸ்லாண்டு மலைச்சாலையில், ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரை வார இறுதிகளிலும் விடுமுறை நாள்களிலும் மோட்டார் சைக்கிள்களுக்குத் தடையே விதித்திருக்கிறார்கள் என்றால், அந்த ஓசை எந்த அளவுக்கு இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எனவே, பெருஞ்சாலையிலிருந்து பிரிந்து, ஒரு பண்ணையோடு முடிந்துவிடும் கிளைப் பள்ளத்தாக்குகளை மட்டுமே பட்டியலில் வைத்தேன். சாலை அங்கேயே முடிந்துவிட்டால், கடந்து செல்லும் வண்டி என்று எதுவும் இருக்காது. பக்கத்தில் ஓடை இருந்தால் இன்னும் நல்லது. ஒரே சீராக ஓடும் நீரின் ஓசை, திடீரென எழும் சிறு சத்தங்களை மறைத்துவிடுகிறது.

நாள்காட்டியும் வரைபடத்துக்கு இணையாக முக்கியமானது. நம் பள்ளிகளுக்கு விடுமுறை முடிகிற சமயத்தில்தான் அங்கே கூட்டம் தொடங்குகிறது. ஈஸ்டரிலிருந்து 40-ஆம் நாளாக எண்ணப்படும் இயேசுவின் விண்ணேற்ற விழா வியாழக்கிழமை ஜெர்மனியில் தந்தையர் தினமும்கூட. ஆண்கள் குழுவாகக் கைவண்டியில் பீர் ஏற்றிக்கொண்டு காட்டுப்பாதையில் நடைபோவது அன்றைய வழக்கம். 2025-இல் அது மே 29 அன்று வந்தது. அதைத் தொடரும் பெந்தெகொஸ்தே திருநாள் விடுமுறையில், பிளாக் ஃபாரஸ்ட் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலப் பள்ளிகளும் மூடப்படுவதால் தளங்கள் நிரம்பிவிடும். இவற்றைத் தவிர்த்து மே மாத நடுவில் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். கட்டணமும் குறைவு. அதற்கு ஈடாகக் குளிரைத் தாங்க வேண்டும். நாங்கள் இருந்தபோது ஒரு விடியலில் வெப்பநிலை 5 டிகிரியாக இருந்தது. குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும் என்பதால், ஓடைக்கரையின் மிகத் தாழ்ந்த இடத்தை விட்டு ஒரு படி மேலே கேட்டு வாங்குவது நல்லது.

எல்லாம் முடிவாகும் தறுவாயில் அம்மா கேட்ட கேள்வி என் கணக்கையே மாற்றியது. "ராத்திரியில எழுந்தா எவ்வளவு தூரம் நடக்கணும் கண்ணு?" என்றார். நான் அதுவரை கழிப்பறைக் கட்டடத்திலிருந்து இயன்ற அளவு விலகிய இடத்தையே தேடிக்கொண்டிருந்தேன். கதவு அடைபடும் சத்தமும், நடமாட்டமும், இரவெல்லாம் எரியும் விளக்கும் அங்கேதான் அதிகம். முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு ஈரப்புல்லில் இருநூறு மீட்டர் நடப்பது என்ன என்பதை நான் எண்ணவே இல்லை. இறுதியில் அம்மாவுக்கும் மகளுக்கும் கழிப்பறையிலிருந்து இரண்டாம் வரிசையில் சிறு மரக்குடில் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். நானும் மனைவியும் மகனும் அதன் பக்கத்திலேயே கூடாரத்தில் படுத்தோம். பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் இந்தக் கேள்வியிலிருந்தே தேடலைத் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

தள நிர்வாகத்துக்கு மின்னஞ்சலில் மூன்று விவரங்கள் கேட்டேன்: எங்கள் இடம் வரைபடத்தில் எது, அந்த வாரத்தில் பள்ளிக் குழுவோ இளைஞர் குழுவோ வருகிறதா, இரவில் கார்கள் எங்கே நிறுத்தப்படும். வரைபடத்தில் வட்டமிட்டு மறுநாளே பதில் அனுப்பினார்கள். அந்தப் பதிவுக் கடிதத்தையே, ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்றாகவும் இணைத்தோம். விசாக் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, ஆறு வயதுக்குட்பட்டோருக்கு இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

அமைதியான தளத்தில் நாமும் ஓசையை அடக்க வேண்டியிருக்கிறது. குக்கர் விசிலைத் தவிர்க்க, திறந்த பாத்திரத்தில் சோறு வடித்தோம். எரிவாயுக் குப்பியை விமானத்தில் எடுத்துச் செல்ல முடியாது. அடுப்புக்குப் பொருந்துவதை அங்கேயே வாங்கினோம். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். காலை ஏழு மணிக்கு ஊரிலிருந்து உறவினர் அன்போடு அழைத்தால் அங்கே மணி மூன்றரை. கைபேசிகளை அணைத்து வைத்தோம். இரவு ஒன்பது மணி அளவில்தான் சூரியன் மறைவதால், பிள்ளைகளை உறங்க வைக்கக் கருப்புத் துணி ஒன்று மிகவும் உதவியது. மாலைதோறும் பிள்ளைகளின் கால், அக்குள், காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்த்தோம். அந்த மாநிலத்தின் உண்ணிகள் மூளைக்காய்ச்சல் கிருமியைப் பரப்பக்கூடியவை, அதற்குத் தடுப்பூசி உண்டு என்பதால் புறப்படும் முன் மருத்துவரிடம் பேசிவிடுவது அவசியம்.

முதல் இரவு மகள் ஒருமுறைகூட எழவில்லை. விடியலில் அம்மா குடில் வாசலில் சால்வையைப் போர்த்தியபடி ஓடையைப் பார்த்து அமர்ந்திருந்தார். எப்போது எழுந்தார் என்று கேட்டதற்கு, இப்போதுதான் என்றார். மணி ஆறரை. வீட்டில் அவர் மூன்று மணிக்கே விழித்துக் கிடப்பவர்.

ஒரே ஒரு பிழை நேர்ந்தது. வரைபடத்தில் நான் கவனிக்காத சிறு கொட்டகை ஒன்று எங்கள் வரிசையின் கோடியில் இருந்தது. காலை எட்டு மணிக்கு மேல் எல்லோரும் காலிக் கண்ணாடிப் புட்டிகளை அங்குள்ள தொட்டியில் கொண்டுவந்து போடுவார்கள். அடுத்த முறைக்கு அதே தளத்தில் எந்த இடத்தைக் கேட்பது என்று இப்போதே குறித்து வைத்திருக்கிறேன்: அதே ஓடைக்கரை, அதே இரண்டாம் வரிசை, ஆனால் அதன் மறுகோடி.