பால் டப்பாவும் 17.5 சதவீதமும்

2022 மே 14, சனி

பாப்பாவுக்கான ஃபார்முலா பால் பவுடரைத் தேடி இன்று ஐந்து கடை. காலை ஆறரைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் பதினொன்றரைக்குத் திரும்பி வந்தார். கையில் ஒரே ஒரு டப்பா. அதுவும் பாப்பாவுக்கு ஆகாத ரகம். கீழ் வீட்டுப் பெண்ணுக்கு ஆகுமே என்று வாங்கி வந்தேன் என்றார். அவளுக்கும் இரண்டு மாதக் கைக்குழந்தை.

எங்கள் பாப்பாவுக்கு நான்கு மாதம் முடிந்திருக்கிறது. பிறந்த மூன்றாவது வாரமே மலத்தில் ரத்தக் கோடு தெரிந்தது. பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். நான் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டேன். அப்படியும் எனக்கு ஊறும் பால் அவளுக்கு அரை வயிற்றுக்குத்தான் காணும். மீதிக்குப் புரதத்தை உடைத்துச் செய்த சிறப்பு ஃபார்முலா. சாதாரண டப்பாவே கிடைக்காத ஊரில் இதைத் தேடுவது எப்படி இருக்கும் என்று அனுபவிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். "தாய்ப்பால் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே" என்று சொல்கிறவர்களிடம் இதையெல்லாம் முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

பிப்ரவரி 17 அன்று மிச்சிகன் மாநிலம் ஸ்டர்ஜிஸ் ஆலையில் செய்த ஃபார்முலா பவுடரை அபாட் கம்பெனி திரும்பப் பெற்றது, க்ரோனோபேக்டர் கிருமி பயத்தில். ஆலையும் நின்றது. அமெரிக்காவில் குழந்தைகள் குடிக்கும் ஃபார்முலாவில் 98 சதவீதம் இங்கேயே செய்வது. அதில் பெரும்பகுதி நான்கு கம்பெனிகள் கையில். ஒரு ஆலை நின்றதும் நாடு முழுக்க அலமாரி காலி. இந்த மாதத் தொடக்கத்தில் நூற்றுக்கு 43 ரகங்கள் கையிருப்பில் இல்லை என்று கணக்குச் சொல்கிறார்கள்.

சாயங்காலம் அம்மா மெதுவாகக் கேட்டாள். "ஏட்டி, ரெண்டு கரண்டிக்குப் பதிலா ஒன்றரை போட்டா என்ன? உங்களுக்கெல்லாம் பால்ல தண்ணி ஊத்தித்தான குடுத்தோம்."

நான் கத்திவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து சொன்னேன். தண்ணீர் கூடினால் பிள்ளையின் ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும், வலிப்பு வரை போகும், டாக்டர் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார் என்று. அம்மா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பத்து மணிப் பாலுக்கு அவள்தான் எழுந்தாள். கரண்டியில் பவுடரை அள்ளி, கத்தியின் முதுகால் வழித்து, வழிந்த துகளை ஒரு விரலால் தட்டி மறுபடி டப்பாவுக்குள் விட்டாள். ஒரு சிட்டிகை கீழே சிந்தவில்லை.

2022 மே 19, வியாழன்

வேலைக்குத் திரும்பி நான்காம் நாள். நெவார்க் துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் என்ட்ரி போடுவதுதான் எங்கள் ஆபீஸ் வேலை. ஓடும் செருப்பிலிருந்து ஓவியம் வரை எந்தப் பொருளுக்கு எந்த எண், எவ்வளவு டியூட்டி என்று பார்த்து எழுதுவது. ஒன்பது வருடமாகச் செய்கிறேன். குழந்தை ஃபார்முலாவுக்கு ஒரு தடவைகூட என்ட்ரி போட்டதில்லை. இதை இன்றைக்குத்தான் யோசித்தேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஃபார்முலாவுக்குரிய 1901.10 என்ற எண்ணைத் திறந்து பார்த்தேன். சாதாரண வரி 17.5 சதவீதம். ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரை வகை சேர்த்த ரகத்துக்கு ஒரு கோட்டா உண்டு, 100 மெட்ரிக் டன். அதைத் தாண்டினால் கிலோவுக்கு 1 டாலர் 3.5 சென்ட், அதற்கு மேல் மதிப்பில் 14.9 சதவீதம்.

பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டேன். 100 டன் என்றால் 800 கிராம் டப்பா ஒன்றே கால் லட்சம். போன வருடம் இந்த நாட்டில் பிறந்தது முப்பத்தாறு லட்சம் குழந்தைகளுக்கு மேல். ஏறக்குறைய இருபத்தொன்பது பிள்ளைக்கு ஒரு டப்பா வீதம்தான் வரும். இருபது டாலர் மதிப்புள்ள டப்பா ஒன்று கோட்டாவுக்கு வெளியே வந்தால் டியூட்டி மட்டும் 3 டாலர் 81 சென்ட். கப்பல் கூலி, கிடங்கு, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல்.

கனடா பக்கத்திலேயே இருக்கிறதே என்றார் வீட்டுக்காரர். அங்கேயும் 2020-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கா-மெக்ஸிகோ-கனடா வர்த்தக ஒப்பந்தத்தில் ஒரு கட்டு போட்டிருக்கிறது. கனடா வருடத்துக்கு ஒரு வரம்புக்கு மேல் ஃபார்முலா ஏற்றுமதி செய்தால் கிலோவுக்கு 4.25 கனடா டாலர் கட்டணம் வசூலிக்க வேண்டும். பண்ணைக்காரர்களைக் காக்கப் போட்ட ஏற்பாடு. அதில் பச்சைக்குழந்தை எங்கே வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

வரி மட்டுமே காரணம் என்றும் சொல்லமாட்டேன். புது ஃபார்முலா விற்க, உணவையும் மருந்தையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு 90 நாள் முன்னால் தெரிவிக்க வேண்டும். 30 சத்துகளின் அளவு சரியாக இருக்க வேண்டும், லேபிள் விதிகள் தனி. அந்தச் சோதனை அத்தனையும் வேண்டும். ஒரு வாய் பாலை நம்பித்தான் பிள்ளை வளர்கிறது. சோதனையில் தேறிய பாலுக்கு வரி எதற்கு என்பதுதான் என் கேள்வி.

2022 மே 22, ஞாயிறு

டி.வி.யில் ராணுவ விமானம். ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்திலிருந்து இண்டியானாபொலிஸுக்கு ஒரு சி-17, உள்ளே 78,000 பவுண்டு ஃபார்முலா. பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கான ரகம்தான், எங்கள் பாப்பாவுக்கானது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

கடைக்கு வராது, ஆஸ்பத்திரிகளுக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டு கொடுக்கும் நிறுவனங்களுக்கும்தான் முதலில் போகும் என்று செய்தியில் சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. நாளைக் காலை டாக்டர் ஆபீஸைக் கூப்பிட வேண்டும்.

2022 ஜூன் 16, வியாழன்

4ஆம் தேதி திறந்த ஸ்டர்ஜிஸ் ஆலை மறுபடி மூடிவிட்டது. மழை வெள்ளம் உள்ளே புகுந்துவிட்டதாம்.

டாக்டர் ஆபீஸிலிருந்து இரண்டு சாம்பிள் டப்பா கொடுத்தார்கள். பதினொரு நாளுக்கு வரும்.

2022 ஜூலை 21, வியாழன்

ஃபார்முலா இறக்குமதிக்கான வரி விலக்குச் சட்டத்தில் இன்று பைடன் கையெழுத்துப் போட்டார். போன வெள்ளி பிரதிநிதிகள் சபையில் 421 பேர் ஆதரவு, இரண்டே பேர் எதிர்ப்பு. இந்த நாட்டில் எதற்கும் இப்படி ஒன்றாகக் கை தூக்கி நான் பார்த்ததில்லை. செய்தியைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது, ஆபீஸிலேயே.

அப்புறம் சட்ட வாசகத்தைப் படித்தேன். டிசம்பர் 31 வரைக்கும்தான்.

மூன்று மணிக்கு ஒரு போன். ஐரோப்பாவிலிருந்து பிஸ்கட், ஜாம் எல்லாம் வரவழைக்கும் சின்ன இறக்குமதியாளர், எங்கள் பழைய வாடிக்கையாளர். ஃபார்முலா கொண்டு வரலாமா என்று நிஜமாகவே யோசித்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார். "இப்போ ஜீரோவா?" என்றார். ஜீரோதான் என்றேன். "டிசம்பருக்கு அப்புறம்?" என்றார். பழையபடி 17.5 என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நான் இன்றைக்கு ஆர்டர் கொடுத்தால் அவன் பவுடர் செய்து, இந்த ஊர் லேபிள் ஒட்டி, கன்டெய்னரில் ஏற்றிக் கரை சேர்வதற்குள் அக்டோபர், நவம்பர் ஆகிவிடும். ரெண்டு கன்டெய்னர் வித்துட்டு நிறுத்தவா இவ்வளவு பாடு?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. ஐந்து மாதம் பத்து நாளை நம்பி யாரும் ஆலையில் ஒரு வரிசை ஒதுக்கமாட்டார்கள், கடையில் ஒரு தட்டும் ஒதுக்கமாட்டார்கள். வரியை எடுத்தது நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். பிப்ரவரியில் மூடிய ஆலைக்கு ஜூலையில் வந்த விலக்கு, அதுவும் முடிவுத் தேதியோடு. வரி வருடக்கணக்கில் இல்லாமல் இருந்திருந்தால் மூன்று நாலு நாட்டுக் கம்பெனிகள் முன்னமே இங்கே வேரூன்றியிருக்கும். ஒரு ஆலை நின்ற அன்று அவர்கள் கூடுதலாக அனுப்பியிருப்பார்கள். ராணுவ விமானத்துக்கு வேலையே இருந்திருக்காது.

2022 ஆகஸ்ட் 13, சனி

அம்மா அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறாள். ஆறு மாத விசா முடிகிறது. பெட்டியில் துணி வைத்துக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டுப் பெண் குழந்தையோடு மேலே வந்தாள். பிள்ளை மூன்று நாளாக ஓயாமல் அழுகிறது, பால் குடித்த அரை மணியில் மறுபடி பசி என்றாள்.

அவள் 'விக்' அட்டையில், அதாவது வருமானம் குறைந்த தாய்க்கும் பிள்ளைக்கும் அரசு தரும் உணவு உதவி அட்டையில், பால் வாங்குகிறவள். நாட்டில் விற்கும் ஃபார்முலாவில் பாதிக்கு மேல் அந்தத் திட்டத்தில்தான் போகிறது. ஒவ்வொரு மாநிலமும் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, அந்தக் கம்பெனி டப்பாவை மட்டும் கொடுக்கும். தட்டுப்பாட்டினால் இப்போது மற்ற பிராண்டுக்கும் தளர்த்தியிருக்கிறார்கள். வரி குறைந்ததா கூடியதா என்பது அவளுக்குத் தெரியவே வராது, அட்டையில் டாலர் இல்லை, இத்தனை டப்பா என்றுதான் இருக்கும். கடையில் டப்பா இருக்கிறதா இல்லையா, அவளுக்கு அது ஒன்றுதான் கணக்கு. இந்தத் தடவை இருந்தது கடல் தாண்டி வந்த டப்பா. அவள் சொந்தக் காசில் வாங்கியிருந்தாள்.

புட்டியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பால் நீலம் பாரித்தாற்போல் நீர்த்திருந்தது. எப்படிக் கலக்கினாய் என்றேன். நாலு அவுன்ஸ் தண்ணீருக்கு இரண்டு கரண்டி, எப்போதும் போல என்றாள். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். இதில் ஒரு கரண்டிக்கு ஒரு அவுன்ஸ் தண்ணீர்தான். அதற்கென்று உள்ளே ஒரு சின்னக் கரண்டியும் இருந்தது. மூன்று நாளாகப் பிள்ளை பாதிப் பால்தான் குடித்திருக்கிறது.

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. உடனே டாக்டருக்குப் போன் போட்டோம். குழந்தை சுறுசுறுப்பாக இருக்கிறதா, மூத்திரம் போகிறதா என்று கேட்டுவிட்டு, சரியான அளவில் கொடுங்கள், திங்கள் காலை கூட்டி வாருங்கள் என்றார்கள்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. மார்க்கரை எடுத்து டப்பா மூடியில் ஒரு கரண்டியும் பக்கத்தில் ஒரு கோடும், நாலு கரண்டியும் பக்கத்தில் நாலு கோடும் வரைந்தாள். அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

வெளிநாட்டு டப்பாவை உள்ளே விடும்போது கரண்டி அளவைக் கொட்டை எழுத்தில் போட வைக்க வேண்டும்.

2022 அக்டோபர் 11, செவ்வாய்

மூலப் பவுடரை மொத்தமாக இறக்கி இங்கே டப்பாவில் அடைக்கிறவர்களுக்கும் நேற்று வரி விலக்கு வந்தது. இதுவும் டிசம்பர் 31 வரைதான், மூன்று மாதம்கூட இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் விண்ணப்பித்தால் 2025 அக்டோபர் வரை விற்க எஃப்.டி.ஏ. வழி செய்திருக்கிறது. விற்க அனுமதி மூன்று வருடம், வரி விலக்கு மூன்று மாதம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

பாப்பாவின் டப்பா இப்போது மூன்று கடையில் ஒன்றிலாவது கிடைக்கிறது. விலை ஒரு சென்ட்கூட இறங்கவில்லை. இருந்தாலும் அலமாரியில் அது நிற்பதைப் பார்த்தாலே வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருக்கிறது.

2023 ஜனவரி 3, செவ்வாய்

விடுமுறை முடிந்து முதல் நாள். அடுத்த வாரம் பாப்பாவுக்கு ஒரு வயது. இட்லியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறாள். பசும்பாலை எப்போது, எப்படிப் பழக்குவது என்று பிறந்தநாள் கழித்துப் பேசலாம் என்றார் டாக்டர். நாங்கள் ஒரு வழியாகக் கரையேறிவிட்டோம். கீழ் வீட்டுப் பெண்ணின் தங்கைக்கு மார்ச்சில் பிரசவம்.

பதினோரு மணிக்கு மேசைக்கு ஒரு ஃபைல் வந்தது. இன்வாய்ஸைப் புரட்டினேன். குழந்தை ஃபார்முலா, ஒரு கன்டெய்னர். ஜூலையில் போன் செய்த அதே இறக்குமதியாளர்தான், அன்றைய தயக்கத்தையும் மீறி ஒரு ஆர்டர் கொடுத்துப் பார்த்திருக்கிறார். டிசம்பர் 28-இல் வர வேண்டிய கப்பல், நேற்று ராத்திரிதான் கரை சேர்ந்தது.

1901.10 என்று அடித்தேன். டியூட்டிக் கட்டத்தில் 17.5.