இர்காசெஃபே ஒருவழியாக வடிந்தது

நான்கு வாரமாக மல்லுக்கட்டிய இர்காசெஃபே என்ற எத்தியோப்பியக் காப்பி நேற்றுதான் 2:50 நிமிடத்தில் வடிந்தது. அதுவரை 15 கிராம் தூள், 250 கிராம் தண்ணீர், கொமண்டான்டே கை அரைப்பானில் 24 கிளிக் என்று வைத்தால் 4:20 ஆகியும் வி60 வடிகூம்புக்குள் சேறு மாதிரி தேங்கி நிற்கும். இதே அரைப்பில் பிரேசில் காப்பிக் கொட்டை 2:40-இல் இறங்கிவிடுகிறது. தேங்கினால் மல்லிகை வாசம் போய், அதிகம் ஊறிய தேயிலையின் துவர்ப்புதான் நாக்கில் ஒட்டும்.

பையில் நாட்டு ரகம் என்று போட்டிருந்தாலும் எத்தியோப்பியாவின் கெடியோ பகுதியில் அது ஒரே ரகமல்ல. குருமே, தேகா, வொலிஷோ எல்லாம் என்செட் வாழைக்கும் நிழல்மரங்களுக்கும் நடுவே சின்னச் சின்னத் தோட்டங்களில் கலந்து வளர்கின்றன. பல வீட்டுப் பழமும், சதை நீக்கிக் கொட்டையைக் கழுவி எடுக்கும் ஒரே கழுவு நிலையத்தில் சேர்கிறது. தட்டில் கொட்டிப் பார்த்தால் மிளகைவிடச் சற்றே பெரிய கொட்டைக்குப் பக்கத்திலேயே நீளமாக ஒன்று கிடக்கும். 1,900 மீட்டருக்கு மேல் இரவுக் குளிரில் பழம் மெதுவாகப் பழுப்பதால் கொட்டை இறுகுகிறது, புளிப்பு துலக்கமாக நிற்கிறது. அந்த இறுகிய கொட்டையை இளவறுப்பாக வறுத்து அரைக்கும்போது வரும் நுண்தூள்தான் வடிகாகிதத்தை அடைக்கிறது.

முதலில் அரைப்பைப் பருமனாக்கி 28 கிளிக்குக்குப் போனோம். 3:05-இல் வடிந்தது, ஆனால் எலுமிச்சைத் தோல் ஊறிய தண்ணீர் மாதிரி வெறுமை. நுண்தூளைச் சலித்து எடுத்தால் வேகம் வந்தது, கனம் போய்விட்டது. சிக்கல் அரைப்பில் இல்லை, கையில் இருந்தது. முதல் நனைப்பில் வி60-ஐச் சுழற்றுவது, கடைசியில் இன்னொரு சுழற்று, கெண்டியை உயரத் தூக்கி ஊற்றுவது: இந்த மூன்றும் நுண்தூளைக் கிளப்பிக் கூம்பின் அடிக்கு அனுப்பிவிடுகின்றன. இப்போது 50 கிராம் ஊற்றி, கரண்டிக் காம்பால் மூன்றே கிளறல், 45 விநாடி. பிறகு கெண்டி மூக்கு தூளுக்கு நான்கு விரற்கடை மேலேயே இருக்க, நடுவில் காசளவு வட்டத்தில் 150 வரை; பாதி இறங்கியதும் 250. ஓரத்தைத் தொடவே கூடாது, சுழற்றவும் கூடாது. 24 கிளிக்கை மாற்றவே இல்லை!

தண்ணீர் 97 பாகை செல்சியஸ். 2,000 மீட்டர் உயரத்தில் 93 பாகையிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் உள்ள சிங்கப்பூரில் 100 வரை போகலாம், இறுகிய கொட்டைக்கு அது வரப்பிரசாதம். 92-இல் போட்டால் பூ வாசம் மூக்கோடு நின்றுவிடுகிறது, வாயில் வருவதில்லை. கோப்பை வெதுவெதுப்பாக ஆறியபின்தான் பெர்கமட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் வாசம் தெளிவாக எழுகிறது, அவசரப்பட்டுக் குடிக்காதீர்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்த பை பத்து நாள் தாங்காது. 15 கிராம் பொட்டலமாக உறைபெட்டியில் வைத்து, எடுத்த உடனே, வியர்க்கும் முன் அரைக்க வேண்டும். குளிர்ந்த கொட்டை இன்னும் நைசாக அரைபடும், அதற்கு ஒரு கிளிக் கூட்டுங்கள்.

தேக்காவில் வாங்கிய கோப்பித் துணிப்பையிலும் ஒருமுறை போட்டோம். தேங்கவே இல்லை, இரண்டு நிமிடத்துக்குள் ஓடிவிட்டது. எண்ணெய்ப் பதமும் கனமும் நன்றாக இருந்தன, மல்லிகை மட்டும் மங்கல். பால் சேர்க்காத கோப்பி ஓ குடிப்பவர்களுக்கு இதைக் கொடுத்துத் தொடங்கலாம்.

கொட்டை விற்பவர்கள் மேல் ஒரு வருத்தம் உண்டு. பையில் 1,950 மீட்டர் என்று அச்சிட்டிருந்தார்கள், கேட்டால் அது கழுவு நிலையம் இருக்கும் உயரமாம். பழம் விளைந்த தோட்டத்தின் உயரம்தானே வேண்டும்!

கலந்த ரகத்தில் எது மலையின் குணம், எது ரகத்தின் குணம் என்று பிரிக்க முடியவில்லை. அதனால் அடுத்து கெய்ஷா என்ற தனி ரகம். 1930-களில் எத்தியோப்பியக் காட்டிலிருந்து எடுத்த விதை, 1953-இல் கோஸ்டா ரிக்காவுக்கு வந்து, பிறகு பனாமாவின் பொகெட்டேயில் 2004 ஏலத்தில் உலகப் புகழ் பெற்றது. ஒரே ரகம், ஒரே கழுவு முறை, 1,400 மீட்டரிலும் 1,800 மீட்டரிலும் விளைந்த இரண்டு பைகள் கிடைத்தால் ஒப்பிடலாம். விலைதான் யோசிக்க வைக்கிறது.

அதற்கு முன் உறைபெட்டியில் பதினொரு பொட்டலம் இர்காசெஃபே மீதி இருக்கிறது. வேகமாக வடியும் அபாக்கா (வாழை இனச் செடி) நார்க் காகிதம் வந்ததும், பழைய சுழற்றலை அதில் ஒருமுறை போட்டு நேரம் பார்க்க வேண்டும்.