கைப்பிடிக்குள் ஓர் ஊசி

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளை ஏலம் விடும் நிறுவனம் ஒன்றில் விவரக்குறிப்பு எழுதும் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ‘சென்டினியல்’ ரிவால்வர் ஒன்றைப் பழுதானது என்று எழுதிவிட்டேன். தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்த பிறகு விசையை இழுத்தேன். அது அசையவே இல்லை. குறிப்பைப் படித்த மூத்த பணியாளர், ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி, உள்ளங்கை நன்றாகப் பதியும்படி பிடித்து இழுத்தார். விசை இயங்கியது. நான் அதை விரல் நுனிகளால் பிடித்திருந்தேன்.

கைப்பிடியின் பின்புறத்தில் இருக்கும் தகட்டை உள்ளங்கை அழுத்தினால்தான் அந்த விசை விடுபடும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1887-இல் வெளியிட்ட, தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி வெளியே தெரியாத ரிவால்வரில் வந்த அமைப்பு அது. பிடியைப் பிழிய வேண்டியிருந்ததால் அதற்கு ‘எலுமிச்சை பிழியும் கருவி’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. குழந்தை ஒன்று காயப்பட்டதைக் கேள்வியுற்று நிறுவனர்களில் ஒருவரான டேனியல் வெஸ்ஸன் இதைச் செய்தார் என்பது விற்பவர்கள் விரும்பிச் சொல்லும் கதை. நான் அதை எந்தக் குறிப்பிலும் சேர்ப்பதில்லை. .38 ஸ்பெஷல் தோட்டாக்கள் ஐந்தைக் கொள்ளும் ‘ஜே’ என்ற சிறிய சட்டகம், அதாவது ரிவால்வரின் உலோக உடல், 1950-இல் வந்தது. நிறுவனம் தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 1952-இல், கைவிடப்பட்டிருந்த அந்தப் பழைய தகட்டை இச்சட்டகத்தில் பொருத்தி, நூற்றாண்டின் பெயரையே ரிவால்வருக்கும் சூட்டினார்கள்.

சில மாதங்கள் கழித்து வந்த இன்னொரு சென்டினியலில் விசை தாராளமாக இயங்கியது, தகடு மட்டும் உள்ளே அழுந்தியபடியே நின்றது. துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று எழுதப் போனவன், முன்பு பட்டது நினைவுக்கு வர, மரப்பிடியைக் கழற்றினேன். சிறிய ஊசி ஒன்று தகட்டைப் பூட்டியிருந்தது. அது எவரோ வீட்டில் செய்த கைவேலையன்று. பாதுகாப்பு வேண்டாதவர் பூட்டிக்கொள்ளட்டும் என்று தொழிற்சாலையே பிடிக்கு அடியில் வைத்து அனுப்பிய ஊசி. காவலையும் கொடுத்து, அதை விலக்கும் வழியையும் அதற்குள்ளேயே ஒளித்து வைத்த இந்தத் தயக்கம்தான் எனக்கு அந்த ரிவால்வரின் வரலாறாகப் படுகிறது. 1957-இல் மாதிரி எண் 40 என்றும், அலுமினியச் சட்டகம் கொண்டது 42 என்றும் ஆன இவ்வகை 1974-இல் நின்றது; 1990-ஐ ஒட்டி 640 என்ற எண்ணில் மீண்டபோது தகடு இல்லை.

இப்போது சென்டினியல் எது வந்தாலும் முதலில் பிடியைத்தான் கழற்றுகிறேன். போன வாரம் எழுதிய குறிப்பு: “ஊசி தன் இடத்தில் உள்ளது, தகடு தடையின்றி இயங்குகிறது.”